கொர்வெட் சி4: அலாரம் மக்கர் செய்தால் எங்கே பார்ப்பது

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வண்டியில் இருப்பது ஒரு அலாரம் இல்லை, இரண்டு. இது தெரியாததால்தான் ஹாரன் கத்துகிறது என்று சாவியை மாற்றுகிறார்கள், செல்ஃப் எடுக்கவில்லை என்று கதவு சுவிட்சைக் கழற்றுகிறார்கள். நானும் அதைச் செய்தவன்தான்.

ஷெவர்லே கொர்வெட்டின் நாலாம் தலைமுறையைத்தான், அதாவது சி4ஐத்தான், சொல்கிறேன். 1984 மாடலில் தொடங்கி 1996 வரை வந்த வண்டி. என்னிடம் இருப்பது 1989, ஆறு கியர். ஒஹாயோ குளிரில் நாலைந்து மாதம் கராஜில் தூங்கும், ஏப்ரலில் எழுப்பும்போது ஏதாவது ஒன்று கோளாறு பண்ணும். அந்த ஏதாவது ஒன்று, பாதி தடவை அலாரம்தான்.

முதல் அலாரம் ஹாரன் அடிக்கும் அலாரம். கதவு, பின்பக்கக் கண்ணாடி மூடி, கதவுப் பூட்டு இவற்றில் யாராவது கைவைத்தால் கத்தும். இரண்டாவது, சாவியைச் சோதிக்கும் அலாரம். வாட்ஸ் (VATS, வெஹிக்கிள் ஆன்டி-தெஃப்ட் சிஸ்டம்) என்று பெயர். 1986இல் கொர்வெட்டில்தான் முதன்முதலில் வந்தது, 1988இல் கமாரோவுக்கும் அடுத்த வருஷம் ஃபயர்பேர்டுக்கும் போனது. உங்கள் வண்டி 1984 அல்லது 1985 என்றால் வாட்ஸே கிடையாது, ஹாரன் பகுதியை மட்டும் படித்தால் போதும்.

வாட்ஸ் எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள ஐந்து நிமிடம் ஆகும், ஆனால் பிறகு எல்லாம் சுலபம். சாவியின் தகட்டைப் பாருங்கள். நடுவில் கறுப்பாக ஒரு சில்லு, அதன் இரு பக்கமும் சின்ன உலோகப் பட்டை. உள்ளே இருப்பது ஒரு சாதாரண ரெசிஸ்டர், அதாவது மின்தடை. கம்ப்யூட்டர் சிப் கிடையாது, ரேடியோ கிடையாது. சாவியைப் பூட்டுக்குள் விட்டதும் பூட்டில் உள்ள இரண்டு கான்டாக்ட் அந்தப் பட்டைகளைத் தொடும். அங்கிருந்து இரண்டு மெல்லிய ஒயர் ஸ்டீயரிங் தண்டு வழியாகக் கீழே இறங்கி, டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள மாட்யூல் என்ற மின்னணுப் பெட்டிக்குப் போகும். மாட்யூல் அந்த ரெசிஸ்டரை அளக்கும். தனக்குச் சொல்லிவைத்த அளவோடு பொருந்தினால் இரண்டு வேலை செய்யும்: செல்ஃப் மோட்டாருக்குப் போகும் ரிலேயை மூடும், இன்ஜின் கம்ப்யூட்டரிடம் பெட்ரோல் விடலாம் என்று சொல்லும். பொருந்தாவிட்டால் இரண்டும் கிடையாது. அதோடு கோபித்துக்கொண்டு 2 முதல் 4 நிமிடம் யார் என்ன சொன்னாலும் கேட்காது.

மொத்தம் 15 அளவுகள்தான். ஓமில் சொன்னால்: 402, 523, 681, 887, 1130, 1470, 1870, 2370, 3010, 3740, 4750, 6040, 7500, 9530, 11800. உங்கள் சாவி இந்த 15இல் ஒன்று.

வண்டி நன்றாக ஓடும் நாளிலேயே ஒரு மல்டிமீட்டரை எடுத்து, சாவிச் சில்லின் இரு பட்டைகளிலும் முனைகளை வைத்து அளந்து, எண்ணைக் குறித்து வையுங்கள். வீட்டில் வையுங்கள், வண்டிக்குள் வேண்டாம். கோளாறு வந்த பிறகு அளந்தால், வருகிற எண் சரியா தவறா என்று ஒப்பிட ஒன்றும் இருக்காது. என் சாவி 3010, அதாவது ஒன்பதாம் எண். மீட்டரில் 3.01 கிலோ ஓம் என்று காட்டும். மாட்யூல் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். 2890இலிருந்து 3150 வரை எது வந்தாலும் ஒன்பதாம் எண் என்றே எடுத்துக்கொள்ளும்.

செல்ஃப் எடுக்கவில்லை, செக்யூரிட்டி விளக்கு எரிகிறது

போன வருஷம் நண்பர் ஒருவர் கடை வாசலிலிருந்து போன் செய்தார்.

"அண்ணே, வண்டி செத்துப் போச்சு. ஒரு சத்தமும் இல்ல."

"ரேடியோ பாடுதா?"

"பாடுது."

"செக்யூரிட்டின்னு விளக்கு எரியுதா பாரு தம்பி."

"எரியுதுண்ணே. பத்து தடவை சாவியைத் திருப்பிப் பாத்துட்டேன்."

அந்தப் பத்து தடவைதான் பிரச்சினை. மாட்யூல் கோபத்தில் இருக்கும்போது மறுபடி சாவியைத் திருப்பி, அது மறுபடி தப்பாகப் படித்தால், காத்திருப்பு நேரம் முதலிலிருந்து ஆரம்பிக்கும். பதற்றத்தில் திருப்பிக்கொண்டே இருப்பவருக்கு வண்டி எப்போதுமே எடுக்காது. நான் அவரிடம் சொன்னது: சாவியை வெளியே எடு, சில்லின் இரண்டு பட்டையையும் சட்டையில் நன்றாகத் துடை, கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிடம் சும்மா உட்கார், பிறகு ஒரே தடவை சாவியை விட்டு, ஒரு நொடி நிறுத்தி, திருப்பு. எடுத்துவிட்டது.

வீட்டில் என்றால் சட்டை வேண்டாம். பென்சில் அழிப்பான் நல்லது, பட்டை பளபளப்பாகும் வரை மெதுவாகத் தேய்க்கலாம். உப்புத்தாள் போடாதீர்கள், பட்டை தேய்ந்து உள்ளே அமுங்கிவிட்டால் பூட்டில் உள்ள கான்டாக்டுக்கு எட்டாது. பூட்டுத் துளைக்குள் எலக்ட்ரானிக் கான்டாக்ட் கிளீனரை ஒரு சின்ன அழுத்து அழுத்தி, சாவியைப் பத்துப் பதினைந்து முறை உள்ளே விட்டு எடுங்கள். எண்ணெய் வகை எதையும் அடிக்க வேண்டாம். அன்றைக்குச் சாவி வழுக்கிக்கொண்டு போகும், பிறகு தூசியைச் சேர்த்துப் பசை மாதிரி ஆகிவிடும்.

துடைத்தும் எடுக்கவில்லை என்றால் இரண்டாவது சாவி. சில்லு பொருத்திய இரண்டாவது சாவி இல்லாதவர்கள் இன்றே ஒன்று செய்துகொள்ளுங்கள். தெருமுனைக் கடையில் வெட்டித் தரும் வெறும் தகட்டுச் சாவி கதவைத் திறக்கும், வண்டியை எழுப்பாது. சில்லின் எண்ணை அளக்கும் கருவி வைத்திருக்கும் பூட்டுக்காரரிடம் போக வேண்டும். வண்டி உங்களுடையதுதான் என்பதற்கான காகிதத்தை எடுத்துக்கொண்டு போங்கள், கேட்பார்கள், கேட்க வேண்டும்.

இரண்டாவது சாவியில் எடுத்து முதல் சாவியில் எடுக்கவில்லையா? கோளாறு முதல் சாவியில். மீட்டரில் அளந்தால் தெரியும். இரண்டிலும் எடுக்கவில்லையா? அடுத்த பகுதி உங்களுக்கு.

ஒரு நாள் எடுக்கிறது, மறுநாள் எடுக்கவில்லை

சி4 வைத்திருப்பவர்களுக்கு வரும் அறிகுறிகளில் அதிகம் ஏமாற்றுவது இதுதான், ஆளை அதிகம் செலவழிக்க வைப்பதும் இதுதான். காலையில் எடுக்காது, மெக்கானிக்கிடம் இழுத்துப் போனால் அங்கே ஜம்மென்று எடுக்கும். மழைநாளில் எடுக்காது. ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் தூக்கினால் எடுக்கும். மனைவி ஓட்டினால் எடுக்கும், நான் ஓட்டினால் எடுக்காது என்று ஒருவர் என்னிடம் சத்தியம் செய்தார். விசாரித்தால், அந்த அம்மா ஸ்டீயரிங்கை இறக்கி வைத்து ஓட்டுகிறவர்.

காரணம் அந்த இரண்டு ஒயர். தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். இரண்டும் ஒரு ஆரஞ்சு நிற உறைக்குள் போகும். சாவியைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் பூட்டு உருளையோடு சேர்ந்து ஒயரும் திரும்பும். ஸ்டீயரிங்கை ஏற்றி இறக்கும்போதும் வளையும். இருபது முப்பது வருஷம் வளைந்தால் செம்பு உள்ளுக்குள் அறுந்துவிடும். மேலே உள்ள பிளாஸ்டிக் உறை மட்டும் முழுசாக இருக்கும், பார்த்தால் ஒன்றும் தெரியாது. அறுந்த இரண்டு முனையும் ஒரு நாள் ஒட்டிக்கொண்டிருக்கும், மறுநாள் விலகும்.

இதை அறியாமல் நான் முதலில் மாட்யூலை மாற்றினேன். பழைய வண்டிகளை உடைத்து விற்பவர் ஒருவரிடம் வாங்கினேன். என் சாவியும் அந்த மாட்யூலின் எண்ணும் பொருந்தாது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. வேறு வண்டியில் ஓடிய மாட்யூல் அந்த வண்டியின் சாவி அளவைத்தான் கேட்கும். காசு போனதோடு ஒரு சனிக்கிழமையும் போனது.

சரியான வழி அளப்பதுதான். செய்முறை இப்படி.

இக்னிஷனை அணையுங்கள். ஓட்டுநர் பக்கம் டேஷ்போர்டின் அடிப்பலகையைக் கழற்றி, ஸ்டீயரிங் தண்டின் அடியில் பாருங்கள். அந்த ஆரஞ்சு உறை வந்து ஒரு சின்ன இரண்டு முனைக் கனெக்டரில் சேரும். கனெக்டரைப் பிரியுங்கள். மீட்டரை ஓமில், 20 கிலோ அளவில் வையுங்கள். ஸ்டீயரிங் தண்டு பக்கமிருந்து வரும் பாதியில் மீட்டர் முனைகளை வைத்து, சாவியைப் பூட்டுக்குள் விடுங்கள். நீங்கள் எழுதி வைத்திருக்கும் எண் வர வேண்டும்.

வந்துவிட்டதே என்று அங்கே நிறுத்திவிடாதீர்கள். நான் முதல் தடவை நிறுத்திவிட்டேன். சாவியை ஒவ்வொரு நிலைக்கும் திருப்புங்கள், செல்ஃப் எடுக்கும் கடைசி நிலை வரை. சாவியை லேசாக மேலும் கீழும் அசையுங்கள். ஸ்டீயரிங்கை முழுக்க ஏற்றுங்கள், முழுக்க இறக்குங்கள், முன்னும் பின்னும் இழுங்கள். மீட்டரிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். இரண்டு ஆள் இருந்தால் நல்லது. நான் தனியாகத்தான் செய்தேன். சீட்டில் கால், தரையில் தலை, வாயில் டார்ச், ஒரு கையில் மீட்டர், இன்னொரு கை மேலே எட்டி ஸ்டீயரிங் நெம்புகோலில். 3.01, 3.01, 3.01 என்று அசையாமல் நின்ற எண், ஸ்டீயரிங் கடைசிப் பல்லில் ஏறி 'டக்' என்று உட்கார்ந்ததும் காணாமல் போனது. திரையில் வெறும் ஓ.எல்., அதாவது இணைப்பே இல்லை. ஒரு பல் இறக்கினேன், 3.01 திரும்பி வந்தது. அந்த 'டக்' சத்தத்துக்காக எவ்வளவு செலவு செய்திருக்கிறேன் என்று நினைத்து, அந்தக் கோணத்தில் படுத்துக்கொண்டே சிரித்தேன்.

மீட்டர் காட்டுவதைப் படிக்கும் விதம்: எண் முழுக்கப் போய்விட்டால் ஒயர் அறுந்திருக்கிறது. எண் நிலைகொள்ளாமல் 3000க்கும் 5000க்கும் இடையே ஆடினால் பூட்டு உருளையின் கான்டாக்ட் தேய்ந்திருக்கிறது, அல்லது அழுக்கு. எண் அசையாமல் நின்று, ஆனால் சாவியை நேரடியாக அளந்ததைவிடக் கூடுதலாக இருந்தால் பெரும்பாலும் அழுக்குதான், மேலே சொன்னபடி துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். எவ்வளவு ஆட்டினாலும் எண் சரியாகவே நிற்கிறது, அப்படியும் செக்யூரிட்டி விளக்கு எரிகிறது என்றால் மட்டும் கனெக்டரின் மறுபக்கத்தை, அதாவது மாட்யூலை, சந்தேகப்படுங்கள்.

ஒயர் அறுந்திருந்தால் பூட்டு உருளையோடு சேர்ந்தே புதிதாகக் கிடைக்கும். மாற்றுவதற்கு ஸ்டீயரிங் சக்கரத்தையும் தண்டின் மேல்பகுதியையும் பிரிக்க வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை, விளையாட்டில்லை. 1990 மாடலிலிருந்து ஸ்டீயரிங்கில் ஏர்பேக் உண்டு. பேட்டரியைக் கழற்றி, சர்வீஸ் புத்தகத்தில் சொல்லியிருக்கும் முறையில் ஏர்பேக்கை முடக்காமல் அங்கே கைவைக்கக் கூடாது. முகத்துக்கு நேரே வெடிக்கிற சாமான் அது. பழக்கமில்லாதவர்கள் இந்த ஒரு வேலையை மட்டும் வெளியில் கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது கோளாறு எங்கே என்று நீங்களே சொல்லிவிடலாம், அதனால் கூலி குறையும்.

அப்புறம், சாவிக்கொத்து. வீட்டுச் சாவி, ஆபீஸ் சாவி, அஞ்சல் பெட்டிச் சாவி, பிள்ளையார் பொம்மை எல்லாம் சேர்ந்து கால் கிலோவைப் பூட்டில் தொங்கவிட்டு ஓட்டினால் கான்டாக்ட் சீக்கிரம் தேயும். வண்டிச் சாவி தனியாக இருக்கட்டும். பிள்ளையார் டேஷ்போர்டில் உட்காரட்டும்.

செல்ஃப் எடுக்கவில்லை, செக்யூரிட்டி விளக்கும் எரியவில்லை

இது அலாரம் இல்லை, பெரும்பாலும். இக்னிஷன் போட்டதும் அந்த விளக்கு சில நொடி எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். அணைந்தால் வாட்ஸுக்குச் சாவி பிடித்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். ஒருபோதும் எரிவதே இல்லை என்றால் பல்பே போயிருக்கலாம், அதை முதலில் சரிசெய்யுங்கள். இல்லாவிட்டால் மேலே சொன்ன எல்லாச் சோதனையும் குருடன் யானையைத் தடவிய கதைதான்.

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் அப்படியே மங்கிப்போனால் பேட்டரி, அல்லது அதன் டெர்மினல். சி4இல் பேட்டரி ஓட்டுநர் பக்க முன்சக்கரத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும், எட்டிப் பார்க்கச் சோம்பலாகி டெர்மினலை யாரும் சுத்தம் செய்வதில்லை. வெளிச்சம் மாறவே இல்லை என்றால் செல்ஃபுக்குக் கரன்ட் போகவில்லை. கியர் வண்டியில் கிளட்ச் பெடலின் மேலே ஒரு சுவிட்ச் இருக்கிறது, பெடல் முழுக்க அமுங்கினால்தான் மூடும். தரைவிரிப்பு மடங்கிப் பெடலுக்கு அடியில் மாட்டியிருந்ததைக் கண்டுபிடிக்க எனக்கு அரை நாள் ஆனது. ஆட்டோமேட்டிக் வண்டியில் லீவரை நியூட்ரலுக்குத் தள்ளி முயன்று பாருங்கள். எடுத்தால் லீவர் சுவிட்ச் சரியான இடத்தில் இல்லை. இதெல்லாம் சரி என்றால் செல்ஃப் மோட்டாரின் சோலினாய்டுக்கு (மோட்டாருக்குக் கரன்ட் விடும் சுவிட்சுக்கு) போகும் ஊதா ஒயரில் டெஸ்ட் விளக்கை வையுங்கள். கியர் நியூட்ரலில், கைபிரேக் இழுத்தபடி, வேறொருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். விளக்கு எரிந்தும் மோட்டார் சுற்றவில்லை என்றால் மோட்டார்தான்.

செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை

வாட்ஸ் மறுத்தால் செல்ஃபையும் பெட்ரோலையும் சேர்த்தே நிறுத்தும். செல்ஃப் சுற்றுகிறது என்றால் பொதுவாக வாட்ஸ் ஒத்துக்கொண்டுவிட்டது, கோளாறு பெட்ரோல் பம்பிலோ இக்னிஷனிலோ இருக்கும், அது வேறு கதை.

ஒரே ஒரு விதிவிலக்கு. பழைய சொந்தக்காரர் யாராவது பொறுமையிழந்து ஸ்டார்ட்டர் ரிலேயை ஒரு ஒயரால் தாண்டிவிட்டிருப்பார். அப்போது எந்தச் சாவி போட்டாலும் செல்ஃப் சுற்றும், ஆனால் கம்ப்யூட்டருக்கு அனுமதி வராததால் இன்ஜெக்டர் பெட்ரோல் துப்பாது. டேஷ்போர்டுக்கு அடியில் கறுப்பு டேப் சுற்றிய, கம்பெனி ஒயருக்குச் சம்பந்தமில்லாத நிறத்தில் ஏதாவது தொங்கினால் அதைத் தொடர்ந்து போய்ப் பாருங்கள். இன்ஜெக்டர் கனெக்டரில் மாட்டும் சோதனை விளக்கு கடையில் மலிவாகக் கிடைக்கும். செல்ஃப் சுற்றும்போது அது மினுக்கவில்லை, செக்யூரிட்டி விளக்கும் எரிகிறது என்றால் இதுதான் விஷயம்.

நள்ளிரவில் தானாக ஹாரன் அடிக்கிறது

முதலில் சத்தத்தை நிறுத்த வேண்டும், ஆராய்ச்சி பிறகு. சாவியை ஓட்டுநர் பக்கக் கதவுப் பூட்டில் விட்டு, திறக்கும் பக்கம் திருப்புங்கள். கதவு ஏற்கெனவே திறந்திருந்தாலும் பரவாயில்லை, அந்தத் திருப்புதலைத்தான் அலாரம் எதிர்பார்க்கிறது. உள்ளே உட்கார்ந்து பட்டனை அமுக்குவதால் அடங்காது. பூட்டில் திருப்பியும் அடங்கவில்லை என்றால் பயணியர் பக்கக் கதவைத் திறந்து, டேஷ்போர்டின் வலது ஓரத்தில் உள்ள ஃபியூஸ் பெட்டியில் ஹாரன் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுத் தூங்கப் போங்கள். பக்கத்து வீட்டு ஜன்னலில் விளக்கு எரிகிற நேரத்தில் மீட்டரைத் தேட வேண்டாம்.

காலையில், உள்விளக்கைச் சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள். கதவு திறந்திருக்கிறது என்று வண்டி நினைத்தால் உள்விளக்கு எரியும். எல்லாக் கதவையும் சாத்திவிட்டு, விளக்கு அணையும் வரை காத்திருந்து, வெளியிலிருந்து ஒவ்வொரு கதவையும் உள்ளங்கையால் அழுத்தி விடுங்கள், இலேசாக இழுத்துப் பாருங்கள். விளக்கு மினுக்கினால் அந்தப் பக்கம்தான். கதவு நிலையில் இருக்கும் பொத்தான் சுவிட்ச் துருப்பிடித்திருக்கும், அல்லது கதவின் ரப்பர் தட்டையாகிச் சுவிட்சை முழுக்க அமுக்காமல் இருக்கும். இந்த வண்டியின் கதவுகள் நீளமானவை, கனமானவை. கீல் தேய்ந்து ஒரு மில்லிமீட்டர் தொங்கினாலே போதும். இரவில் குளிர்ந்து ரப்பர் சுருங்கும்போது, பகலில் விளிம்பில் நின்ற சுவிட்ச் விலகிவிடும். நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவில்தான் கத்துகிறது என்றால் இதை முதலில் பாருங்கள்.

அடுத்தது பின்கண்ணாடி மூடி. பெரிய ஒற்றைக் கண்ணாடி, இரு பக்கமும் ஒவ்வொரு பூட்டு. ஒரு பக்கம் மட்டும் பிடித்துக்கொண்டு மறுபக்கம் பாதியில் நிற்கும், வெளியிலிருந்து பார்த்தால் மூடியது மாதிரியே இருக்கும். இரு மூலையையும் தனித்தனியே அழுத்துங்கள். ஒரு மூலையில் 'கிளிக்' என்று கூடுதலாக ஒரு சத்தம் கேட்டால் விடை கிடைத்துவிட்டது.

பிறகு கதவுப் பூட்டு உருளை. யாராவது அதைத் திருகிப் பிடுங்கினால் தெரிந்துகொள்ள அங்கும் ஒரு சுவிட்ச் இருக்கிறது. பூட்டு தளர்ந்திருந்தால் கதவை அறைந்து சாத்தும்போது அதுவே தன்னைத் திருடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்ளும். பூட்டை விரலால் சுற்றிப் பாருங்கள், ஆடக் கூடாது.

இத்தனையும் சரி என்றால், குளிர்காலம் முழுக்க நின்ற வண்டி என்றால், பேட்டரியை அளந்து பாருங்கள். ஓய்வில் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். 12க்குக் கீழே போனால் மின்னணுப் பெட்டிகள் விசித்திரமாக நடந்துகொள்ளும். அதன்பிறகு எதைச் சோதித்தாலும் விடை பொய்யாகத்தான் வரும். ஆகவே உண்மையில் இதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும், ஆனால் யாரும் செய்வதில்லை.

பேட்டரியை மாட்டிய உடனே அலறுகிறது

கோளாறு இல்லை. அலாரம் பூட்டிய நிலையில் இருந்தபோது கரன்ட் போயிருக்கிறது, வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. திருடன் ஒயரை வெட்டினால் என்ன செய்வது என்று யோசித்து வைத்தது. கடைசி டெர்மினலை மாட்டும் முன் சாவியைக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், அலறினால் ஓட்டுநர் கதவில் ஒருமுறை பூட்டித் திறவுங்கள். கராஜுக்குள் பானெட்டுக்கு அடியில் தலையை விட்டிருக்கும்போது அந்த ஹாரன் அடித்தால் காது ஒரு மணி நேரம் ரீங்காரமிடும்.

கதவைத் திறந்து வைத்தால் விளக்கு மினுக்குகிறது

இதுவும் கோளாறு இல்லை. கதவு திறந்திருக்கும்போது பூட்டும் பட்டனை அமுக்கினால் அலாரம் தயாராகிறது என்று மினுக்கிச் சொல்லும், கதவைச் சாத்தியதும் அணைந்து காவலுக்கு நிற்கும். ஆளை உள்ளே உட்கார வைத்துவிட்டு இப்படிச் சாத்திவிட்டுக் கடைக்குப் போனால், உள்ளிருப்பவர் கதவைத் திறந்ததும் ஹாரன் அடிக்கும். என் அத்தையை அப்படி உட்கார வைத்துவிட்டுப் போய், அவர் ஆறு மாதம் இந்த வண்டியில் ஏறவில்லை.

1993 முதல் வந்த வண்டி: தானே பூட்டுகிறது, தானே திறக்கிறது

1993இல் பட்டன் அமுக்காமலே, சாவிக்கொத்தில் உள்ள குமிழ் (ரிமோட்) அருகே வந்தால் திறந்து, விலகினால் பூட்டிக்கொள்ளும் வசதி வந்தது. குமிழின் பேட்டரி தளர்ந்தால் வண்டி உங்களைப் பாதி நேரம் அடையாளம் காணாது. முதலில் பேட்டரியை மாற்றுங்கள். கராஜிலிருந்து வீட்டுக்குள் போகும் கதவருகே ஆணியில் சாவியை மாட்டும் பழக்கம் இருந்தால் அதை வேறு அறைக்கு மாற்றுங்கள். எல்லைக்கோட்டில் தொங்கும் குமிழைப் பார்த்து வண்டி ராத்திரி முழுக்கப் பூட்டித் திறந்துகொண்டிருக்கும்.

எல்லாம் வேண்டாம், வாட்ஸைத் தாண்டிவிடலாமா?

தாண்டலாம், சொந்த வண்டி, உங்கள் விருப்பம். கனெக்டரைப் பிரித்து, மாட்யூல் பக்கம் போகும் இரண்டு முனைக்கும் இடையில் உங்கள் சாவியின் அளவுள்ள ரெசிஸ்டரை வைத்துவிட்டால் மாட்யூல் நிரந்தரமாகத் திருப்தியடையும். என் 3010க்குக் கடையில் ஒற்றை ரெசிஸ்டர் கிடைக்கவில்லை. 2.7 கிலோவும் 330 ஓமும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்தால் 3030. வரம்புக்குள் அழகாக உட்காரும். சிவப்பு-ஊதா-சிவப்பு ஒன்று, ஆரஞ்சு-ஆரஞ்சு-பழுப்பு ஒன்று. கால் வாட் போதும். சேர்த்த பிறகு மீட்டரில் அளந்து பார்க்காமல் மாட்டாதீர்கள், மலிவு ரெசிஸ்டர் ஐந்து சதவீதம் முன்னே பின்னே இருக்கும்.

இதைச் சோதனையாகச் செய்வதை நான் முழு மனதோடு சிபாரிசு செய்வேன். ரெசிஸ்டரை வைத்ததும் வண்டி தினமும் தவறாமல் எடுத்தால் மாட்யூல், ரிலே, கம்ப்யூட்டர் எல்லாம் நலம், கோளாறு ஸ்டீயரிங் தண்டுக்குள் என்று உறுதியாகிவிடும். நிரந்தரமாக விட்டுவிடுவது எனக்குப் பிடிக்கவில்லை. சில்லில்லாத வெறும் சாவிக்கும் அதன்பின் வண்டி எழும்பும், அந்தக் கறுப்புச் சில்லு வெறும் அலங்காரம். வாங்குகிறவரிடமும் காப்பீட்டுக்காரரிடமும் அதைச் சொல்லியாக வேண்டும்.

நான் இரண்டு வாரம் அந்த ரெசிஸ்டரோடு ஓட்டினேன், ஒரு நாள்கூடத் தவறவில்லை. பிறகு தண்டைப் பிரித்துப் புது உருளை போட்டு, கனெக்டரைப் பழையபடி மாட்டினேன். கழற்றிய ஒயரைக் கராஜ் மேசையில் வைத்து உறையைக் கத்தியால் கீறிப் பார்த்தேன். சாவி திரும்பும் இடத்திலிருந்து ஒரு விரற்கடை கீழே, செம்பு இழை ஒவ்வொன்றாக அறுந்து, கடைசி ஒரே ஒரு இழை மட்டும் தொட்டுக்கொண்டிருந்தது.